சிபாப் மாஸ்கில் வாடை, தொட்டியில் வெள்ளைப் படிவு: என்ன செய்யலாம்?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதாகக் கண்டறியப்பட்டு, எட்டு மாதங்களாக, மூச்சுப் பாதை மூடிக்கொள்ளாதபடி காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் (CPAP) கருவியை ஈரப்பதமூட்டியுடன் பயன்படுத்தி வருகிறார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். தொற்று எதுவும் வந்துவிடக்கூடாது என்ற பயத்தில் நான் தினமும் மாஸ்கை சானிடைசரால் துடைக்கிறேன். வாரம் ஒரு முறை எல்லாப் பாகங்களையும் கொதிநீரில் போட்டெடுத்து, கிருமிநாசினி கலந்த நீரில் அலசி, வெயிலில் காயவைக்கிறேன். அப்படியும் மாஸ்கில் புளித்த வாடை வீசுகிறது. தொட்டியில் காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம்; ஆனாலும் அடியில் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு மாதங்களாக மாஸ்கின் மேல் ஓரத்தில் காற்று கசிந்து அவர் கண்ணில் அடிக்கிறது. விடியற்காலையில், கருவியையும் மாஸ்கையும் இணைக்கும் குழாய்க்குள் தண்ணீர் களகளவென்று சத்தம் போடுகிறது. இதனால் பாதி இரவில் கழற்றி வைத்துவிடுகிறார். ஓசோன் மூலம் சுத்தம் செய்யும் பெட்டியை வாங்கும்படி உறவினர் சொல்கிறார். வாங்கலாமா? எந்தப் பாகத்தை எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓசோன் பெட்டியை வாங்க வேண்டாம். சானிடைசர், கொதிநீர், கிருமிநாசினி, வெயில் ஆகிய நான்கையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது சுத்தக் குறைவு எதுவும் எனக்குத் தென்படவில்லை. கடுமையான பொருள்கள் பட்டுப்பட்டு மாஸ்க் நலிந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் இடத்தில் ஈரம் தங்கிவிடுகிறது. தொட்டியில் ஊற்றும் நீரும் சரியில்லை. நீங்கள் எழுதியிருக்கும் எல்லாத் தொல்லைகளையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம். வீட்டில் சிபாப் கருவியைப் பேணுவதற்கு வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கப் பயன்படும் மென்மையான திரவ சோப்பு, வெள்ளை வினிகர், காய்ச்சி வடித்த நீர், காற்றோட்டமுள்ள நிழலான ஓர் இடம் ஆகியவை போதும்.

கருவி வேலை செய்யும் விதத்தை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால், எந்தப் பாகத்தில் எவ்வகை அழுக்கு சேரும் என்பது தானாகப் புரியும். கருவிக்குள் இருக்கும் சிறிய விசிறி அறைக் காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து, மருத்துவர் குறித்த அழுத்தத்தில் அனுப்புகிறது. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் இந்த அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள், அதாவது அத்தனை உயரமுள்ள நீர்த்தூண் தரும் அழுத்தத்துக்குள், இருக்கும். அந்தக் காற்று தொட்டியிலுள்ள வெதுவெதுப்பான நீரின் மேல் தவழ்ந்து, ஈரத்தை ஏந்திக்கொண்டு, குழாய் வழியாக மாஸ்கை அடைகிறது. அவர் வெளிவிடும் மூச்சு மாஸ்கிலுள்ள நுண்துளைகள் வழியாக வெளியேறிவிடுகிறது. காற்று எப்போதும் கருவியிலிருந்து முகத்தை நோக்கியே ஓடுவதால், வாய், மூக்கின் கிருமிகள் எதிர்த்திசையில் கருவி வரை சென்று சேர்வது அரிது. ஆகவே ஒரு முனையில், அதாவது மாஸ்கில், தோலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் உமிழ்நீரும் சேர்கின்றன. மறுமுனையிலுள்ள ஃபில்டரில் தூசி சேர்கிறது. நடுவில் தொட்டியிலும் குழாயிலும் தண்ணீர் தங்குகிறது. இம்மூன்றும் வெவ்வேறு அழுக்குகள் என்பதால், எல்லாவற்றையும் ஒரே கிருமிநாசினி நீரில் முக்கியெடுப்பதால் பயனில்லை.

முதலில் காற்றுக் கசிவு. அவர் மாஸ்கைக் கழற்றி வைப்பதற்கு அதுவே முதன்மையான காரணம் என்று தோன்றுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முகத்தில் பதியும் சிலிகான் மெத்தையின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மிக மெல்லிய ஓர் இதழ் உட்புறமாக மடிந்திருப்பது தெரியும். கருவி இயங்கத் தொடங்கியதும் அந்த இதழ் காற்றில் உப்பி, முகத்தின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பத் தானே வளைந்து ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை உருவாக்கி 1981இல் அறிவித்த காலத்தில், மாஸ்கை இரவுதோறும் பசை வைத்து முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று அந்தப் பசையின் வேலையை இந்த இதழ் செய்கிறது. இதழின் மேல் எண்ணெய்ப் பசை படிந்தால் அது முகத்தில் நிற்காமல் வழுக்கும். சானிடைசரிலுள்ள ஆல்கஹால் நாள்தோறும் பட்டால் விறைத்துப்போகும். மெத்தையைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்திலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். சிலிகான் வெப்பத்தைத் தாங்கக்கூடிய பொருள்தான். ஆனால் அதனுடன் இணைந்திருக்கும் சட்டமும் கொக்கிகளும் கொதிநீரில் சிறிதளவேனும் வளைந்துவிட்டால், பிறகு மாஸ்க் முகத்தில் பழையபடி உட்காராது.

மெத்தை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். அதைச் சட்டத்திலிருந்து கழற்றி சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். புதிதாக இருந்தபோது இருந்த தெளிவு போய் மஞ்சளாகவோ கலங்கலாகவோ தெரிகிறதா, கழுவித் துடைத்த பிறகும் தொட்டால் பிசுபிசுக்கிறதா, இதழை விரலால் அழுத்திவிட்டால் உடனே எழாமல் சோம்பலாக எழுகிறதா, மூக்குத் தண்டின்மேல் பதியும் இடத்தில் நுண்ணிய கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுவுவதால் சரியாகாது. மாற்றியே ஆக வேண்டும். எட்டு மாதங்கள் சானிடைசரும் கொதிநீரும் பட்ட மெத்தை இந்தச் சோதனையில் தேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முழு மாஸ்கையும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான மாதிரிகளுக்கு மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும். மாதிரியின் பெயரையும் அளவையும் மாஸ்கின் சட்டத்திலோ மெத்தையின் ஓரத்திலோ பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள்.

புதிய மெத்தையை இப்படிக் கழுவுங்கள். காலையில் அவர் எழுந்ததும் மெத்தையைக் கழற்றி, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் ஓரிரு துளி திரவ சோப்பை விட்டுக் கலக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இதழைப் பிடித்தபடி ஒரு சுற்று வாருங்கள். இதழின் வெளிப்பக்கத்தை எல்லோரும் தேய்க்கிறார்கள். எண்ணெய் தங்குவதோ உள்மடிப்பில், அதிலும் குறிப்பாக மூக்கின் இரு புறமும் கீழ் உதட்டுக்கு அடியிலும். சோப்பின் வழுவழுப்பு முற்றிலும் போகும்வரை ஓடும் நீரில் அலசி, உதறி, தூய துணியின்மேல் நிழலில் வைத்துவிட்டால், இரவுக்குள் தானே காய்ந்துவிடும். கையைச் சுடும் நீர் வேண்டாம். மணமுள்ள சோப்பும், தோலை மென்மையாக்கும் பொருள் சேர்ந்த சோப்பும் வேண்டாம்; அவை சிலிகான்மேல் மெல்லிய படலத்தை விட்டுச்செல்வதால், கழுவியதே கசிவுக்குக் காரணமாகிவிடும். வெயிலில் நெடுநேரம் கிடந்தால் சிலிகானும் பிளாஸ்டிக்கும் நிறம் மாறி நொறுங்கும் தன்மையை அடைகின்றன. காலையில் நேரமில்லாத நாளில் ஈரத்துணியால் இதழைத் துடைத்து வைத்தாலும் போதும்.

இதற்கு இணையாக அவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. படுக்கப் போகும்முன் முகத்தைச் சோப்பிட்டுக் கழுவி, கிரீம், எண்ணெய் எதுவும் தடவாமல் மாஸ்கை அணிய வேண்டும். கசிகிறது என்பதற்காகப் பட்டைகளை மேலும் மேலும் இறுக்குவது வழக்கமாக நடக்கும் தவறு. இறுக்கினால் இதழ் உப்புவதற்கு இடமில்லாமல் மடிந்து கசிவு கூடும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். அவர் படுத்த நிலையில், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, பட்டைகளை முதலில் தளர்த்தி, மாஸ்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி மீண்டும் அமர்த்திவிட்டு, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கச் சொல்லுங்கள்.

வாடைக்கு வருகிறேன். மாஸ்க் நாறுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் முகர்ந்து பார்ப்பது தலைப்பட்டையைத்தான். கழுத்து வியர்வையும் தலை எண்ணெயும் ஊறிய அந்தத் துணிப்பட்டையை மாதக்கணக்கில் துவைக்காமல் விட்டுவிட்டு, சிலிகானை மட்டும் பளபளவென்று வைத்திருப்பார்கள். வாரம் ஒரு முறை அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, சோப்பு நீரில் கையால் கசக்கி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்துக் காயவையுங்கள். இஸ்திரி போட்டாலும் சூடான உலர்த்தியில் இட்டாலும் பட்டையின் இழுவிசை போய்விடும். கழற்றும்முன் ஒட்டுப்பட்டைகள் எந்த இடத்தில் ஒட்டியிருந்தன என்பதைச் சிறிய கோடு போட்டுக் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது அளவு தேடி அல்லாட வேண்டாம். வாடையின் இரண்டாவது இருப்பிடம், மாஸ்கும் குழாயும் சேரும் முழங்கை போன்ற மூட்டு. அதன் சுழலும் வளையத்துக்குள் உமிழ்நீரும் சோப்பு நீரும் தங்கிக் காயாமல் கிடக்கும். உங்கள் மாஸ்கில் அது கழன்று வருமானால், வாரந்தோறும் தனியே கழற்றிக் கழுவி முழுக்க உலர்ந்த பிறகே பொருத்துங்கள்.

அந்த மூட்டின் அருகில் இருக்கும் இரண்டு உறுப்புகளை மட்டும் நீங்கள் அக்கறையோடு கவனிக்க வேண்டும். ஏனென்றால் இங்கே சுத்தம் என்பது நேரடியாகப் பாதுகாப்பைப் பற்றியது. ஒன்று, நான் முன்பு சொன்ன நுண்துளைகள். அவர் வெளிவிடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது; காய்ந்த உமிழ்நீரோ சோப்புப் படிவோ அவற்றை அடைத்துவிடக்கூடாது. வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைப்பு தெரிந்தால் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து அலசலாம். ஊசியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். இன்னொன்று, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்குகளுக்கே உரிய பாதுகாப்பு வால்வு. மின்சாரம் போய்க் கருவி நின்றுவிட்டால், அந்த வால்வின் மடிப்பு திறந்து அறைக் காற்றை உள்ளே விடும்; கருவி ஓடத் தொடங்கியதும் மூடிக்கொள்ளும். கருவி அணைந்திருக்கும்போது மடிப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இயக்கியதும் அது தட்டையாகச் சென்று மூடுகிறதா என்றும் பாருங்கள். விறைத்துப்போயிருந்தாலோ கிழிந்திருந்தாலோ, அந்த மாஸ்கை அன்றிரவே பயன்படுத்தாதீர்கள். கொதிநீர் முதலில் கெடுப்பவற்றுள் இதுபோன்ற மெல்லிய மடிப்பும் ஒன்று.

அடுத்தது தண்ணீர். காய்ச்சினால் நீரிலுள்ள கிருமிகள் சாகும். கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் எங்கும் போவதில்லை. சொல்லப்போனால், கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் உப்பின் அடர்த்தி சற்றுக் கூடுகிறது. இரவெல்லாம் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான். உப்பு முழுவதும் அடியில் தங்கிவிடுகிறது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைதான் இது. இந்த வெள்ளைத் தூள் அவர் நுரையீரலுக்குள் போயிருக்குமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஆவியோடு அது மேலே எழுவதில்லை. ஆனால் சொரசொரப்பான படிவின் இடுக்குகளில் நுண்ணுயிரிகள் வழுவழுப்பான படலமாகக் குடியேறும். தொட்டியின் அடித்தகடு சூடாவதும் தடைபடும்.

எனவே காய்ச்சி வடித்த நீரை, டிஸ்டில்டு வாட்டர் என்று விற்கப்படுவதை, பயன்படுத்துங்கள். பேட்டரிக்கு என்று விற்கப்படும் நீரை வாங்காதீர்கள். அது மனிதர் சுவாசிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் நீரில் உப்பு குறைவாக இருக்கலாம், முற்றிலும் இல்லாமல் இராது. பயணத்தின்போதோ வேறு அவசரத்திலோ காய்ச்சி வடித்த நீர் கிடைக்கவில்லையென்றால், ஓரிரு இரவுகள் காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றிவிட்டு, பிறகு வினிகரால் தொட்டியைச் சுத்தம் செய்துகொள்ளலாம். ஈரப்பதத்தை அணைத்துவிட்டு, தொட்டியில் நீர் ஊற்றாமலும் பெரும்பாலான கருவிகளை இயக்க முடியும். தொண்டை சற்று வறளும், சிகிச்சை தடைபடாது.

நீரின் தன்மைக்கு இணையாக முக்கியமானது, அதைப் பழையதாக விடாமல் இருப்பது. மீதமுள்ள நீரின்மேலேயே இரவுதோறும் புது நீரை ஊற்றி நிரப்புகிறீர்களா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அப்படிச் செய்தால் உடனே நிறுத்த வேண்டிய பழக்கம் அது. காலையில் தொட்டியைக் கருவியிலிருந்து வெளியே எடுத்து, மிச்ச நீரைக் கொட்டி, அலசி, மூடியைத் திறந்தபடி பகல் முழுவதும் காயவிடுங்கள். இரவில் குறியிட்ட கோட்டுக்கு மேல் போகாமல் வெளியே வைத்தே நிரப்பி, பிறகு கருவியில் பொருத்துங்கள். தொட்டியில் நீர் இருக்கும்போது கருவியைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது, நீர் விசிறிப் பக்கம் புகுந்தால் கருவியே பழுதாகிவிடும். ஏற்கெனவே படிந்திருக்கும் வெள்ளைக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகருடன் பத்துப் பங்கு நீர் கலந்து தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைத்து, வினிகர் வாசனை போகும்வரை அலசுங்கள். படிவு கெட்டியாக இருந்தால் ஒரே நாளில் போகாது. அடுத்த நாளும் செய்யுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் படிவு முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். படிவு நீங்கிய பின் வாரம் ஒரு முறை இதே வினிகர்க் குளியல் போதுமானது. இளஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஏதேனும் தெரிந்தால் அது நுண்ணுயிரிகளின் படலம், சோப்பிட்டுக் கழுவி வினிகரில் ஊறவைத்தால் நீங்கும். கரும்புள்ளிகள் கழுவியும் போகவில்லையென்றால் பூஞ்சை பிளாஸ்டிக்கில் பிடித்துவிட்டது என்று கொண்டு தொட்டியை மாற்றிவிடுங்கள். மூடியின் ரப்பர் விளிம்பு பிய்ந்திருந்தாலும், அடித்தகட்டில் அரிப்புப் பள்ளங்கள் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். தைலம், வாசனை எண்ணெய், மூக்கடைப்பு மருந்து எதையும் தொட்டி நீரில் கலக்காதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்துகளை நெடுநாளாக உட்கொள்பவர்கள், முன்பே நுரையீரல் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு நான் மேலே தந்த சலுகைகள் பொருந்தா. குழாய் நீரில் நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா, காசநோய்க் கிருமியின் உறவான வேறு சில மைக்கோபாக்டீரியாக்கள் போன்றவை வாழக்கூடும்; நலமான ஒருவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத அவை இவர்களுக்கு நோயைத் தரலாம். உங்கள் கணவர் இந்த வகையில் வருவாரானால், நீரைப் பற்றியும் கூடுதல் கிருமிநீக்கம் பற்றியும் அவருடைய மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

குழாயில் களகளவென்று கேட்பது அழுக்கால் வரும் சத்தம் அன்று. தொட்டியில் சூடேறிய ஈரக்காற்று, குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாயைக் கடக்கும்போது ஈரத்தைச் சுமக்க முடியாமல் துளிகளாக இறக்கிவிடுகிறது. அறையின் குளிர் கூடக் கூட இது அதிகமாகும் என்பதால்தான் விடியற்காலையில் கேட்கிறீர்கள். ஈரப்பத அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். கருவியை அவர் தலைமட்டத்துக்குக் கீழே, படுக்கையைவிடத் தாழ்வான மேசையில் வையுங்கள். திரளும் நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பிவிடும். குளிர்சாதனக் காற்று நேராகக் குழாயின்மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்வைக்குள் குழாயை விடலாம், அதற்கென்றே கிடைக்கும் துணியுறையும் போடலாம். இவற்றுக்குப் பிறகும் நீர் திரண்டால், சூடேறும் கம்பியுள்ள குழாய் உங்கள் கருவிக்குப் பொருந்துமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

திரண்ட நீரைப் பகலெல்லாம் குழாய்க்குள்ளேயே விட்டுவைப்பதுதான் தொல்லை. காலையில் குழாயைக் கழற்றி, இரு முனைகளும் கீழே தொங்கும்படி ஒரு கம்பியின்மேல் போட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை சோப்பு நீரை உள்ளே ஊற்றி, இரு முனைகளையும் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு முன்னும் பின்னுமாகக் குலுக்கி, நன்றாக அலசித் தொங்கவிடுங்கள். மறுநாளும் உள்ளே ஈரம் தெரிந்தால், கருவியின் ஈரப்பதத்தை அணைத்துவிட்டு, மாஸ்க் இல்லாமல் குழாயை மட்டும் மாட்டிச் சில நிமிடங்கள் காற்றை ஓடவிடலாம். சூடேறும் குழாயாக இருந்தால் மின் இணைப்பு முனையை நனைக்கலாமா என்பதைக் கருவியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவும்போதே குழாயை மெல்ல இழுத்து, வளையங்களுக்கு இடையில் கிழிசல் உண்டா என்றும் பாருங்கள். மாஸ்கிலிருந்து வருவதாக நாம் நினைக்கும் கசிவு சில நேரம் இங்கிருந்து வருவதுண்டு.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் பஞ்சுபோல் இருந்தால் அது கழுவக்கூடியது, வாரம் ஒரு முறை நீரில் அலசி முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். வெள்ளை நிற மெல்லிய ஃபில்டரைக் கழுவக்கூடாது; மாதம் ஒரு முறையோ, நிறம் மங்கியவுடனோ மாற்றுங்கள். ஈரமான ஃபில்டரோடும், ஃபில்டர் இல்லாமலும் கருவியை ஓட்டாதீர்கள். கருவியின் வெளிப்புறத்தை, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இனி உறவினர் சொன்ன ஓசோன் பெட்டி. கிருமிகளைக் கொல்லும் அளவுக்கு ஓசோன் தேவையென்றால், மனிதர் சுவாசிக்கப் பாதுகாப்பான அளவைக் கடந்த செறிவு வேண்டும். அது பெட்டியிலிருந்து கசிந்தாலோ, காற்றாடவிடும் நேரம் போதாமல் குழாயிலும் மாஸ்கிலும் தங்கியிருந்தாலோ, இருமலும் மார்பு இறுக்கமும் தலைவலியும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தீவிரமாகும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 பிப்ரவரியில் ஓசோன், புற ஊதாக் கதிர் ஆகிய இரு வகைச் சுத்திகரிப்புக் கருவிகளைப் பற்றியும் எச்சரித்தது; அப்போது சந்தையில் இருந்த எதுவும் சிபாப் கருவிகளுக்காக அதன் அனுமதியைப் பெற்றிருக்கவில்லை. புற ஊதாக் கதிரோ, நேராகப் படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். குழாயின் வளையங்களுக்குப் பின்னாலும் மெத்தையின் உள்மடிப்பிலும் நிழல் விழும் இடங்களை அது எட்டாது.

2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சத்தத்தை அடக்குவதற்காகக் கருவிக்குள் வைக்கப்பட்டிருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, துகள்களாகக் காற்றுப் பாதையில் கலக்கக்கூடும் என்பது அதற்குக் காரணம். ஓசோன் போன்ற முறைகளால் சுத்தம் செய்வது இந்தச் சிதைவைத் தீவிரப்படுத்தக்கூடும் என்று நிறுவனமே குறிப்பிட்டது. உங்களுடையது 2021 ஏப்ரல் 26க்கு முன் தயாரிக்கப்பட்ட பிலிப்ஸ் கருவியாக இருந்தால், அடியிலுள்ள மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், ஓசோன் எண்ணெய்ப் பசையை எடுக்காது, உப்புப் படிவைக் கரைக்காது, குழாயில் நீர் திரள்வதைத் தடுக்காது. உங்கள் வீட்டில் இருக்கும் தொல்லைகள் அவைதாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டீர்கள். தினமும் காலையில் மெத்தையைக் கழுவுவதும், தொட்டி நீரைக் கொட்டிவிட்டுத் திறந்து வைப்பதும், குழாயைத் தொங்கவிடுவதும், வாரத்தில் வசதியான ஒரு காலைப்பொழுதில் தலைப்பட்டை, மூட்டு, குழாய், ஃபில்டர், தொட்டியின் வினிகர்க் குளியல், அவ்வளவே. சளி, காய்ச்சல் வந்த நாள்களில் மட்டும் குழாயையும் மூட்டையும் தினமும் கழுவிவிட்டு, குணமானதும் வெள்ளை ஃபில்டரை மாற்றிவிடுங்கள். மாற்றும் காலத்தைப் பொறுத்தவரை, மெத்தைக்கு இத்தனை மாதம், குழாய்க்கு இத்தனை மாதம் என்று தயாரிப்பாளர்கள் அட்டவணை தருவார்கள். நான் அதை நினைவூட்டலாக மட்டுமே கொள்வேன். நன்றாகப் பேணப்பட்ட பாகம் அதைத் தாண்டியும் உழைக்கும், பாழாக்கப்பட்டது அதற்கு முன்பே போய்விடும். மெத்தைக்கு நான் மேலே சொன்ன வெளிச்சச் சோதனைதான் நம்பத் தகுந்தது.

ஒரு நாள் கழுவ மறந்துவிட்டது என்பதற்காக அன்றிரவு கருவியைப் போடாமல் படுக்க விடாதீர்கள். சிபாப் அணியாத இரவில் மூச்சுத் தடை பெரும்பாலும் அன்றே திரும்பிவிடுகிறது. ஒரு நாள் கழுவாத மாஸ்கால் நலமான ஒருவருக்கு வரக்கூடிய கெடுதலைவிட அது பெரிது. மாறாக, கண் சிவந்து உறுத்துவது, மூக்குத் தண்டில் புண், விட்டுவிட்டு வரும் சைனஸ் வலி, காய்ச்சலோடு கூடிய இருமல் இவற்றில் எதுவும் தொடர்ந்தால், சுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவியிலிருந்து கருகிய வாடை வந்தாலோ, உள்ளே நீர் புகுந்துவிட்டாலோ மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு விற்பனையாளரிடம் கொடுங்கள். திருகைக் கழற்றிப் பார்ப்பதும், முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றைச் செலுத்துவதும் வேண்டாம்.

முதலில் மெத்தையையும் நீரையும் மாற்றுங்கள். அதே நாளில் ஈரப்பதத்தை ஒரு படி இறக்குங்கள். கருவியின் திரையிலோ அதன் செயலியிலோ கசிவு அளவு தெரியும்; மெத்தையை மாற்றுவதற்கு முந்தைய இரவின் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பின் வரும் இரவுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் அந்த அளவு குறையாமல் கண்ணில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால், மாஸ்கின் அளவோ வடிவமோ அவர் முகத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அப்போது மாஸ்கை மட்டும் கொடுத்தனுப்பாமல், அவரையும் உடன் அழைத்துச் சென்று, படுக்கவைத்து, அவருக்குக் குறித்த அழுத்தத்தில் கருவியை ஓடவிட்டு வேறு மாஸ்குகளைப் பொருத்திப் பார்க்கும்படி தூக்க ஆய்வகத்தில் கேளுங்கள்.